வீட்டில் பேசும் மொழி

என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அழுது முடித்துவிட்டுத்தான் வருவார்கள். மேலே டாக்டர் ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லி, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, "கீழ போய் மனு எழுதிக்குங்க" என்று அனுப்பிவிடுவார். கீழே என்றால் நான். தரைத்தளத்தில் ஆறாம் எண் ஜன்னல். ஆறுதல் சொல்வதற்கு மூன்றாம் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். அவரும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். நான் ஆறுதல் சொல்வதில்லை. பேனாவை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்பேன். அலுவலகத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வது எனக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகிறேன். பதினோரு வருடத்தில் நான் எழுதிய மனு ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. சிரித்துச் சிரித்துப் பேசுகிற பக்கத்து ஜன்னல்காரிக்கு வாரத்துக்கு நாலு திரும்பி வரும்.

பேச்சுப் பயிற்சிக்கான மனு பன்னிரண்டு பக்கம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சில கட்டங்களைக் கேட்காமலே நிரப்பிவிடுவேன். 'வீட்டில் பேசும் மொழி' என்று இரண்டாம் பக்கத்தில் ஒன்று உண்டு. வந்தவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிறது, அதை எதற்குக் கேட்பது? தமிழ் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

பேச்சுப் பயிற்சிக்கு இடம் குறைவு, பிள்ளைகள் அதிகம். அதனால் இரண்டு வரிசை. பேச்சே வராத பிள்ளைகள் முதல் வரிசை. நாலைந்து மாதத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். கொஞ்சமாவது பேசுகிற பிள்ளைகள் இரண்டாம் வரிசை. ஒன்றரை வருடமாவது ஆகும். எந்த வரிசையானாலும் பயிற்சி தொடங்கும் நாளில் ஐந்து வயது முடிந்திருக்கக் கூடாது. முடிந்திருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. அவன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பிறந்த மறுநாளே பேசியிருக்க வேண்டும்.

அந்தக் குடும்பம் வந்த அன்று என் ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் கூலர் ஒரு வாரமாக ஓடாமல் நின்றிருந்தது. 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தோம். பையன் அம்மாவின் கையை உதறிவிட்டு நேராக அதனிடம் போய்க் காதை வைத்தான். சத்தம் வரவில்லை என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைப் பட்பட்டென்று தட்டினான். நாலு வயதும் ஒரு மாதமும். சுருட்டை முடி. யாரையும் பார்க்காத கண்.

"முதலாளி மெஷின் செக் பண்றாரு" என்றார் அப்பா. பிள்ளையை அவர் கூப்பிடுவதே அப்படித்தான். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தோளில் கருவிப் பையோடு வேலைக்கு நடுவிலேயே வந்திருந்தார். கூலரின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "எல்லாம் தூசி மேடம். ஃபேன் இறுகிப்போச்சு. ஓடும்" என்றார்.

"ஒரு வாரமா ஓடலையே."

"ஓடும் மேடம். இருபது நிமிஷம்."

ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை செய்துகொண்டே பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். இது ஃபேன் முதலாளி, இது பெல்ட்டு மாதிரி இருக்கு ஆனா பெல்ட்டு இல்ல, இங்க கை வெச்சா சுட்டுரும், அப்புறம் உங்கம்மா என்னைத் தொலைச்சுருவா. பையன் அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சொன்னபடியே இருபது நிமிடத்தில் கூலர் முனகத் தொடங்கியது. பையன் கன்னத்தை அதில் பதித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி. "முதலாளி ஓகே சொல்லிட்டாரு" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வருவது அலுவலகத்தில் ஒரு செய்தி.

மனு எழுத உட்கார்ந்தபோது பையன் வராந்தாவுக்கு ஓடினான், அம்மா அவன் பின்னால் ஓடினாள். இவனுக்காகத் துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டவள். அன்றைக்கு அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அது அன்றைக்கு எனக்குப் பதினான்காவது மனு. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மனுவில் 'குழந்தை பேசுகிறதா?' என்று அச்சடித்திருக்கும். அதை அப்படியே யார் வாய்விட்டுக் கேட்பார்கள்? எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"பேசுவானா?"

"பேசுவான் மேடம்" என்றார்.

'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் டைம் எடுக்கும். ஆனா பேசுவான்." சில பிள்ளைகளுக்குச் சொல் தொண்டையில் நின்று நின்றுதான் வரும்; அதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரின் அறிக்கையில் 'பேச்சில் தாமதம்' என்றுதான் இருந்தது. இரண்டும் பொருந்திப்போயிற்று. கையெழுத்து வாங்கினேன். "என் கையால போனது திரும்பி வராது, நிம்மதியாப் போங்க" என்று வேறு சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தோடு வந்தார்கள். இரண்டாம் வரிசை என்று போட்டிருந்தது.

"பேசுற புள்ளைங்க வரிசைன்னு சொல்றாங்களே மேடம்" என்றாள் அவள். "இவன் அம்மான்னுகூடச் சொன்னதில்ல."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது, மேல்மாடி மீது. கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்று சத்தமாகவே சொன்னேன். இரும்பு அலமாரியைத் திறந்து மனுவின் நகலை எடுத்து, அவர்கள் எதிரிலேயே விரித்து, விரலை வைத்துக் காட்டப் போனேன். விரல் போய் நின்ற இடத்தில் என் டிக் இருந்தது. என் டிக்கை எங்கே பார்த்தாலும் தெரியும். வாலை நீளமாக இழுத்துவிடுவேன்.

பக்கத்தில் கூலர் முனகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஒரு வாரமாக நின்றுபோயிருந்த மெஷினைப் பார்த்து "ஓடும்" என்று சொன்ன மனுஷன் அவர். ஓடும் என்றால் இனிமேல் ஓடும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அரை மணி நேரம் கழித்து அதே வாயால் பேசுவான் என்றபோது புரியவில்லை. கூலருக்குக் கொடுத்த காதைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

"தப்பு என்னோடது தம்பி" என்றேன். பதினோரு வருடத்தில் அந்த ஜன்னலில் நான் சொல்லாத வார்த்தை.

"நான்தானே சொன்னேன்" என்றார். "பேசுவான்னு நான்தானே சொன்னேன். உங்களை என்ன சொல்றது அக்கா."

மேடம் என்றிருந்தது அன்றைக்கு அக்காவாயிற்று. பழியை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நானும் அதற்குமேல் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்றைக்கும் அருவருப்புதான்.

மேலே போய், வரிசையை முடிவு செய்யும் குழுவின் செயலாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடவும் வழியில்லை. "தகப்பன் கையெழுத்து இருக்கே. நேர்ல விசாரிச்சுத்தான் மாத்த முடியும்" என்றார். விசாரணைக்கு நாள் கேட்டேன். ஐந்து மாதம் தள்ளிக் கொடுத்தார். அப்போது பையனுக்கு நாலு வயதும் எட்டு மாதமும் ஆகியிருக்கும். அன்றே முதல் வரிசைக்கு மாற்றிவிட்டால், கூப்பிட நாலு மாதம் ஆனால், மயிரிழையில் பிழைக்கும். நான் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து அவரும் எண்ணினார். "பாப்போம்" என்றார்.

அந்த ஐந்து மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். தனியார் பயிற்சி நிலையத்தில் வாரம் இரண்டு மணி நேரத்துக்குச் சொன்ன கட்டணம் பையனின் அப்பா சம்பாத்தியத்தை அப்படியே விழுங்கிவிடும். அவர் வீட்டுக்கும் ஒரு முறை போனேன். ஒரே அறை. கதவில்லாத இரண்டு ஃபிரிட்ஜ்கள் சுவரோரம். வேலை முடிந்து வந்ததும் அவர் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அன்றைய கதையெல்லாம் சொல்வாராம். எந்த வீட்டு மெஷின் என்ன ஆனது, எந்த அம்மா டீ கொடுத்தாள், எந்த ஐயா வாசலிலேயே நிறுத்தி வைத்தார், எல்லாம். நான் இருக்கும்போதும் சொன்னார். பையன் ஃபிரிட்ஜின் ரப்பரை விரலால் நீவிக்கொண்டே கேட்டான், அல்லது கேட்கவில்லை. ஆனால் அவர் நிறுத்தினால் நீவுவதை நிறுத்தினான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பாத்தீங்களா அக்கா" என்றார். "உள்ள கரண்டு வருது. எங்கயோ ஒரு ஒயர்தான்."

விசாரணைக்கு முந்தின வாரம் சாப்பாட்டு நேரத்தில் மூவரையும் வரச் சொல்லி எங்கள் டீ அறையில் உட்கார வைத்தேன். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தேன்.

"எது கேட்டாலும் மாட்டான். அவ்வளவுதான். பேசுவானா? மாட்டான். கூப்பிட்டா திரும்புவானா? மாட்டான். வேற ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது."

"சரிக்கா."

"பேசுவானா?"

அவர் பையனைப் பார்த்தார். பையன் அவர் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இப்போதைக்கு இல்லக்கா, ஆனா..."

"ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. பேசுவானா?"

"தொறந்து பாக்காம எந்த மெஷினையும் ஓடாதுன்னு நான் சொன்னதில்லக்கா. தொறந்து பாத்தும் சொன்னதில்ல. ரெண்டு நாள் டைம் குடுங்கன்னுதான் சொல்வேன்."

"இது மெஷின் இல்ல தம்பி, ஃபாரம். ஃபாரத்துக்கு ரெண்டு நாள் தெரியாது. பேசுவானா?"

"அவன் எதிர்ல வேணாமே மேடம்" என்றாள் அம்மா மெதுவாக.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டீ ஆறிக்கொண்டிருந்தது, ஜன்னலில் ஆட்கள் காத்திருந்தார்கள். "அவனுக்கு என்னம்மா புரியப் போகுது?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன்.

"பேச மாட்டான்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"சத்தமா."

"பேச மாட்டான்."

பத்து முறை சொல்ல வைத்தேன். ஏழாவது முறைக்குமேல் தடங்கல் இல்லாமல் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சொல்வது போல் "ம், இப்ப சரி" என்றேன்.

விசாரணை அன்று நான் கதவோரம் நின்றேன். செயலாளர் மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, முதல் நாள் நான் கேட்ட மாதிரியேதான் கேட்டார்.

"பேசுவானா?"

"மாட்டான்."

"ஒரு வார்த்தைகூட?"

"மாட்டான்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவானா?"

"மாட்டான்."

"சொன்னா புரிஞ்சுக்குவானா?"

அதை நான் பாடத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மாட்டான்" என்றார். பையன் அவர் மடியிலிருந்து இறங்கி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். போக வேண்டும் என்று தோன்றியிருக்கும், போனான். அவ்வளவுதான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செயலாளர் என் டிக்கின் மேல் கோடு போட்டு, பக்கத்துக் கட்டத்தில் புது டிக் அடித்து, சுருக்கொப்பம் போட்டார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பையை மாட்டிக்கொண்டு, பையனைப் பார்க்காமல், முன்னால் நடந்தார்.

முதல் வரிசையில் அவனுடைய முறை வந்த நாளில் அவனுக்கு ஐந்து வயது முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

மேலே போனேன். கத்தினேன். பதினோரு வருட வேலையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் மேசையைத் தட்டினேன். செயலாளர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பத்தொம்பது நாளுக்கு விட்டா இருபது நாள்காரன் வருவான்மா" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கீழே வந்து பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "சரி மேடம்" என்றார். அக்கா போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து அவள் மட்டும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சான்று வேண்டும். அங்கே பேச்சுப் பயிற்சி கிடையாது. பிள்ளைகளை உட்கார வைத்திருப்பார்கள், நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஏழாம் ஜன்னல்காரி சும்மாதான் இருந்தாள். ஆனாலும் என் வரிசையிலேயே நின்றாள். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

"தம்பி வரலையா?"

"வேலை இருக்குன்னாரு."

"நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

பையன் கூலரிடம் போய்க் காதை வைத்துக்கொண்டான். வளர்ந்திருந்தான். நான் புது மனுவை எடுத்து முதல் பக்கத்தை நிரப்பினேன். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் அச்சில் இருக்கிறபடியே, எழுத்து எழுத்தாகப் படித்துக் கேட்டேன். எதையும் நானாக நிரப்பவில்லை. இரண்டாம் பக்கம் வந்தது.

"வீட்டில் பேசும் மொழி?"

அவள் பையனைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி புரியவில்லையோ என்று இன்னொரு முறை படித்தேன்.

"அது எழுதியே ஆகணுமா மேடம்?"

"கட்டம் காலியா இருக்கக் கூடாதும்மா."

"வீட்டுல இப்ப யாரும் பேசுறதில்ல" என்றாள். குரலில் புகார்கூட இல்லை. "அன்னைக்கு விசாரணை முடிஞ்சு வந்ததுலேருந்தே அவரு இவன்கிட்ட பேசுறத நிறுத்திட்டாரு. கதை எல்லாம் சொல்வாருல்ல, அதெல்லாம் இல்ல. இவன் சாயந்திரம் போய் அந்த ஃபிரிட்ஜுகிட்ட உக்காந்து ரப்பரத் தடவிக்கிட்டு இருப்பான். முன்ன மாதிரி. அவரு சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். நான்தான் சொல்லிட்டேனே, அவன் எதிர்லயே சொல்லிட்டேனே, இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன்கிட்ட பேசுறதுன்னு கேக்குறாரு."

அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே பயிற்சி அதுதான். தினம் சாயந்திரம், வரிசை இல்லாமல், வயது கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குத்தான் டீ அறையில் உட்கார்ந்து பத்து முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"நீயாவது பேசலாமேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான பேச்சு என்று தெரிந்தது.

"என்ன பேசுறதுன்னு தெரியல மேடம். அவருக்குத்தான் தெரியும்."

அவளுக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முதலில் நின்றவர் கையில் டாக்டரின் காகிதம், அழுது வீங்கிய முகம். கூலரிலிருந்து பையன் கன்னத்தை எடுக்கவில்லை. நான் மனுவைப் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுத எனக்குக் கை துடித்தது. எழுதினால் மேலே யாராவது ஒருவராவது படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு அந்தக் கட்டத்தில் தமிழ் என்று எழுதினேன். வேறு எதை எழுதினாலும் மனு திரும்பி வந்துவிடும்.